சப்புக்கொட்டிக் குடித்த கன்று

எங்கள் தெருவில் மாடுகளுக்கு அம்மை வந்த வருஷம் என் வீட்டு ஃபிரிட்ஜில் காய்கறி வைக்க இடமில்லை. இரண்டு தட்டு நிறைய மருந்து பாட்டில்கள். பாலையும் தயிரையும் வெளியே வைத்துப் புளிக்கவிட்டேன். இன்றைக்கும் அதன் கதவைத் திறந்தால் முதலில் எனக்குக் கோபம் வரும், பிறகுதான் கத்திரிக்காய் கண்ணில் படும். இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர், "அப்ப வித்துடுவோமா?" என்று கேட்பார். ஃபிரிட்ஜ் என்ன செய்தது, பாவம்.

நான் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை. கும்பகோணத்திலிருந்து திருவிடைமருதூர் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி, பாலம் தாண்டி இறங்கி, வாய்க்கால் கரையோடு உள்ளே நடந்தால் எங்கள் தெரு. பத்துப் பன்னிரண்டு வீடுகள்தான், அதில் பாதி வீட்டில் மாடு உண்டு. பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயர் ‘வெரி குட் டீச்சர்’. சொன்னதைச் சொன்னபடி செய்த பிள்ளையின் முதுகில் தட்டி ‘வெரி குட்’ சொல்வது என் வழக்கம். மற்றப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். ஒழுங்கு எனக்கு முக்கியம். வயலில் வரப்பு கோணலாக இருந்தால்கூட என் வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போவேன்.

எங்களுக்கு ஒரே பையன், சிங்கப்பூரில் இருக்கிறான். ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் என் அதட்டலுக்குப் பயப்பட ஆள் இல்லாமல் போனதால்தான் மாடு வாங்கினேன் என்று தெருவில் கேலி பேசுவார்கள். கலப்பு ஜெர்சி, செவலை நிறம். முதல் இரண்டு ஈற்றும் காளைக்கன்று. மூன்றாவது ஈற்றில் கிடேரி பிறந்தது. மாட்டுக்கு வயசாகிக்கொண்டிருந்தது, அதற்கப்புறம் அது சினை நிற்குமா என்பது சந்தேகம் என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் அந்தக் கிடேரியை வளர்த்து, அது ஈன்று, அதன் பாலைக் குடித்துவிட்டுத்தான் நான் போவேன் என்று பிரசவம் பார்த்த அன்றைக்கே கொல்லையில் நின்று சொன்னேன். வீட்டுக்காரர், "மெதுவா போ, ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

கன்றுக்கு மூக்கு மட்டும் கறுப்பு. என் புடவை முந்தானையை வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டே பின்னால் வரும். பெண் பிள்ளை இல்லாத வீட்டில் அது ஒரு செல்லம். பையன் போனில் பேசும்போது "அம்மா, என்னப் பத்திக் கேக்குறதுக்கு முன்னாடி அதப் பத்தித்தான் சொல்ற" என்று குறைப்பட்டுக்கொள்வான்.

குறுவை அறுப்பு முடிந்து, சம்பா நடவுக்குத் தண்ணீர் கட்டிக்கிடந்த நேரம். மழையும் பிடித்துக்கொண்டது, ஈயும் கொசுவும் சொல்ல முடியாது. அப்போதுதான் தெருக்கோடி வீட்டுப் பசுவுக்குக் காய்ச்சல் கண்டு, மறுநாள் உடம்பெல்லாம் புளியங்கொட்டை புளியங்கொட்டையாகக் கட்டிகள் எழும்பின. பேப்பரில் அதைத் தோல் கழலை என்று எழுதினார்கள். எங்கள் ஊரில் அது அம்மைதான். கொட்டில்களில் வேப்பிலை செருகினார்கள், வீடுகளில் கறி சமைப்பதும் தாளிப்பதும் நின்றது. தடுப்பூசி போடுகிறவர்கள் பக்கத்து ஊர்வரை வந்துவிட்டார்கள், எங்கள் ஊருக்கு வருவதற்குள் எங்கள் கன்றுகளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. காய்ச்சல் வந்த பிறகு அந்த ஊசியால் பயனில்லையாம்.

கால்நடை டாக்டர் நல்ல மனுஷர். ஒளித்துப் பேசத் தெரியாதவர். "இந்த வைரஸுக்கு நேரடி மருந்து கிடையாது டீச்சர். காய்ச்சலுக்கு ஊசி போடுறேன், புண்ணுக்குக் களிம்பு தர்றேன். மத்தபடி அதது உடம்பு தாங்கணும். பெரிய மாடு பெரும்பாலும் தேறிடும். கன்னுக்குட்டிங்கள நெனச்சாத்தான் கவலையா இருக்கு" என்றார். என் கன்றுக்கு அன்றுதான் கழுத்தில் இரண்டு கட்டி தட்டுப்பட்டிருந்தது. நான் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஒன்று இருக்கக் கூடாதே என்று.

ஒரு பெண் எங்கள் தெருவுக்கு வந்தது அந்த வாரத்தில்தான். கால்நடைப் படிப்பில் மேல்படிப்பு, ஆராய்ச்சி செய்கிறாள். தோளில் ஒரு பை, கையில் தெர்மோகோல் பெட்டி. மூலிகைச் சாறு கால்நடைகளின் வைரஸ் நோய்க்குக் கேட்கிறதா என்று பார்ப்பது அவளுடைய ஆராய்ச்சி. வெற்றிலை, மிளகு, நிலவேம்பு மூன்றிலிருந்தும் சாறு எடுத்து, காய்ச்சி, பக்குவப்படுத்தி பாட்டிலில் அடைத்திருக்கிறார்கள். சோதனைக் குழாயில் வைத்துப் பார்த்ததில் நன்றாக வேலை செய்கிறதாம், இனி உயிருள்ள கன்றுகளில் பார்க்க வேண்டுமாம். டாக்டரிடம் விசாரித்திருக்கிறாள். அவர், அந்தத் தெருவில் டீச்சர் ஒத்துக்கொண்டால் எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "அத்தை" என்றாள். நான் அதிலேயே விழுந்துவிட்டேன். மெலிந்த உடம்பு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு. சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு "பன் சாப்பிட்டேன் அத்தை" என்றாள். பன்னாம். அன்றைக்கு இட்லியும், தொட்டுக்கொள்ளப் பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட கடப்பாவும் செய்திருந்தேன். கடப்பாவை வழித்து வழித்துச் சாப்பிட்டாள். அதற்கப்புறம் அவள் வருகிற நாளெல்லாம் எங்கள் வீட்டில் கடப்பாதான். வீட்டுக்காரர் பருப்பு டப்பாவை ஒரு மாதிரி பார்த்தார்.

மாரியம்மன் கோயில் மண்டபத்தில் தெருப் பெண்களைக் கூட்டினேன். அவள் எழுந்து நின்று பேசினாள். "எல்லா வீட்டுக்கும் மருந்து குடுப்போம்மா. வீட்டுக்கு வீடு அளவு மட்டும் கொஞ்சம் கூடக் கொறைய இருக்கும், எந்த அளவு நல்லா கேக்குதுன்னு பாக்கத்தான். பாட்டில்ல வீட்டு நம்பர் ஒட்டியிருக்கும். உங்க பாட்டில உங்க கன்னுக்கு மட்டும்தான் குடுக்கணும். காலைலயும் சாயந்தரமும். மாத்திடக் கூடாது" என்றாள்.

யாரும் உடனே தலையாட்டவில்லை. அம்மனுக்குக் கோபம் வராதா என்றாள் ஒருத்தி. கன்று செத்தால் யார் பொறுப்பு என்றாள் இன்னொருத்தி. நான் எழுந்து, "இதுவும் வெத்தல, மெளகு, நெலவேம்புதான். அம்மனுக்குப் பிடிக்காததா? என் கன்னுக்குத்தான் மொதல்ல குடுக்கப்போறேன். இந்தப் பொண்ணுக்கு நான் பொறுப்பு" என்றேன். அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராக ஒத்துக்கொண்டார்கள். நான் பொறுப்பு என்று சொன்னபோது அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. மறக்கவும் போவதில்லை.

பாட்டில்களைக் குளிரில் வைக்க வேண்டும். பெரிய ஃபிரிட்ஜ் என் வீட்டில்தான். காலையில் பெண்கள் வரிசையாக வந்து நிற்பார்கள், நம்பர் பார்த்து அன்றைய பாட்டிலை எடுத்துக் கொடுப்பேன். எனக்கு மறுபடியும் பள்ளிக்கூடம் திறந்த மாதிரி இருந்தது. "இது ஒன்னோடது இல்ல, இந்தா, இதுதான். குலுக்கிட்டு ஊத்து. கன்னு தலைய ரொம்ப அண்ணாத்தாத, பொரையேறிடும்" என்று அதட்டி அதட்டி அனுப்புவேன்.

மற்ற வீடுகளில் மருந்து கொடுப்பது ஒரு யுத்தம். எதிர் வீட்டுக் கன்று ஒரு வாய் உள்ளே போனதும் திமிறித் துப்பும். இரண்டு பேர் பிடிக்க வேண்டும், கொடுத்தவள் முகமெல்லாம் பச்சையாகத் தெறித்திருக்கும். என் கன்று அப்படியில்லை. மூங்கில் குழாயை வாயோரம் வைத்த உடனே சப்புக்கொட்டிக் குடிக்கும். குடித்து முடித்துக் குழாயையும் நக்கும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "வளர்ப்பு அப்படி" என்று வாசலில் நின்று சொன்னேன். எதிர் வீட்டுக்காரி கன்னத்தில் வழிந்த மருந்தைத் துடைத்துக்கொண்டே, "எங்க வளர்ப்பு இவ்வளவுதான் டீச்சரக்கா" என்றாள்.

வீட்டுக்காரருக்குத்தான் முதலில் உறுத்தியிருக்கிறது. ஒரு நாள் குழாயில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "பானகம் மாரில்ல இருக்கு. கசக்காத நெலவேம்ப நான் எங்கயும் பாத்ததில்ல" என்றார். வயலைப் பார்க்கப் போகச் சொன்னேன். ஆனாலும் அவர் கேட்டது மனசில் நின்றுவிட்டது. அடுத்த முறை அந்தப் பெண் வந்தபோது, அவள் தட்டில் இட்லியை வைத்துக்கொண்டே கேட்டேன். "ஏம்மா, நெலவேம்புன்னா கசக்கணுமே?"

அவள் தட்டையே பார்த்தாள். பிறகு, "வெல்லம் சேர்த்திருக்கோம் அத்தை, கன்னு துப்பக்கூடாதுன்னு" என்றாள்.

"அப்ப எதிர் வீட்டுக் கன்னு துப்புதே?"

"அது கொஞ்சம் மொரடு அத்தை. உங்களுது நல்ல கன்னு."

நல்ல கன்று. எனக்கு அது போதுமாக இருந்தது. இன்னொரு இட்லி வைத்தேன்.

என் கன்றுக்குக் கட்டிகள் கூடிக்கொண்டே போயின. கழுத்திலிருந்து முதுகு, முதுகிலிருந்து கால். முன்னங்கால் இரண்டும் வீங்கி, மடக்கிப் படுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தது. கண்ணில் நீர், மூக்கில் சளி. தாயின் மடியில் வாய் வைக்கும், இழுக்கத் தெம்பிருக்காது, அப்படியே தலையைச் சாய்த்துக்கொள்ளும். ஆனால் அந்த மருந்தை மட்டும் குடித்தது. குழாயைக் கொண்டுபோனால் நக்குவதற்கு நாக்கை நீட்டும். அதுவே நல்ல அறிகுறி என்று நினைத்தேன். மருந்து உள்ளே போகிறதே.

அப்போதுதான் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து வந்தார்கள். முன்னால் நின்றவள் எதிர் வீட்டுக்காரிதான். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது கும்பகோணம் ஆஸ்பத்திரியில் என்னோடு தரையில் படுத்துக்கிடந்தவள் அவள். ஊருக்குப் போனால் வீட்டுச் சாவி அவளிடம்தான் இருக்கும். என்னை எதிர்த்துப் பேசும் உரிமை தெருவில் அவளுக்கு மட்டும்தான் உண்டு.

"டீச்சரக்கா, தப்பா நெனக்காதீங்க. எங்க வீட்டு மருந்து வாயில வெக்க முடியல, அவ்வளவு கசப்பு. கோடி வீட்டுது இனிக்குது. நடு வீட்டுதும் இனிக்குது. கசக்குற வீட்டுக் கன்னெல்லாம் கொஞ்சம் எழுந்து நடக்குற மாரி தெரியுது. அதான், எல்லா பாட்டிலயும் ஒண்ணா ஊத்திக் கலந்து பிரிச்சுக்கிட்டா என்ன? ஆடிக் கூழுக்குச் செய்வோம்ல, அது மாரி."

எங்கள் தெருவில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது வீட்டுக்கு வீடு காய்ச்சிக் கொண்டுவந்து ஒரே அண்டாவில் கொட்டிவிடுவோம். ஒரு வீட்டுக் கூழ் கெட்டியாக இருக்கும், ஒரு வீட்டுது தண்ணீராக இருக்கும், கலந்த பிறகு எல்லாம் ஒன்றுதான். ஒருத்தருக்கு உசத்தி ஒருத்தருக்கு மட்டம் என்பது அம்மன் வாசலில் கிடையாது. அம்மைக்குக் கொடுக்கிற மருந்தையும் அவர்கள் அப்படித்தான் பார்த்தார்கள்.

நான் நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். "இது கூழா? அந்தப் பொண்ணு ராப்பகலாப் படிச்சிக் கண்டுபிடிச்சது. மாத்தக் கூடாதுன்னு மண்டபத்துல சொன்னாள்ல? எல்லாரும் சரின்னீங்கள்ல? சொன்ன சொல்லுக்கு ஒரு மரியாதை வேணாமா? யாராவது கலந்தீங்கன்னு தெரிஞ்சுது, அவகிட்டயே சொல்லிடுவேன்" என்றேன். அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எதிர் வீட்டுக்காரி, "சரி விடுங்க டீச்சரக்கா. கலக்கல" என்றாள். அவரவர் பாட்டிலை வாங்கிக்கொண்டு போனார்கள். எவ்வளவு சீக்கிரம் அடங்கிவிட்டார்கள் என்று எனக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது. முப்பது வருஷம் வகுப்பெடுத்தவளுக்கு, பின் பெஞ்சு திடீரென்று அமைதியானால் என்ன அர்த்தம் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

அன்றிலிருந்து தெருவில் ஒரு மாற்றம். கோடி வீட்டுக் கன்று வைக்கோலைக் கடித்தது. நடு வீட்டுக் கன்றுக்கு வீக்கம் வடிந்தது. எதிர் வீட்டுக் கன்று துள்ளவில்லை, ஆனால் நின்றது. எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, என் கொட்டிலைத் தவிர.

என் கன்று ஒரு மத்தியானம் செத்துப்போனது. மருந்து கொடுக்கிற நேரம்கூட இல்லை. தாய் நக்கிக்கொண்டிருந்தது. நான் தண்ணீர்ச் செம்போடு போய்ப் பார்த்தபோது வயிறு ஏறி இறங்கவில்லை. மூக்கு மட்டும் எப்போதும்போல கறுப்பாக இருந்தது. நான் சத்தம் போட்டு அழுதேன். டீச்சர் அழுது தெரு பார்த்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு ஆண்களும் மேட்டுத் திடலில் ஆழமாகக் குழி வெட்டினார்கள். டாக்டர் சொன்னபடி சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள். தாய்மாட்டை உள்ளே கட்டிப்போட்டுவிட்டுத்தான் கன்றைப் பின்வாசல் வழியாக எடுத்துப்போனோம். அது பார்க்கவில்லை.

சாயங்காலம் எதிர் வீட்டுக்காரி ரசமும் சோறும் கொண்டுவந்தாள். என்னைச் சாப்பிட வைக்கப் பார்த்தாள். முடியவில்லை. "நான் என்னடி கொற வெச்சேன், ஒரு வேள தப்பினேனா, ஒரு சொட்டு சிந்தினேனா, எல்லார் வீட்டுலயும் பொழச்சிது, என் வீட்டுல மட்டும் ஏன்?" என்று புலம்பினேன். அவள் உடைந்துவிட்டாள்.

"டீச்சரக்கா, நாங்க கலந்துதான் குடுத்தோம்."

எனக்கு முதலில் புரியவில்லை.

"உங்ககிட்ட பாட்டில வாங்கிட்டு நேரா கோடி வீட்டுக்குப் போயிடுவோம். எல்லாத்தையும் ஒரு குண்டான்ல ஊத்திக் கலந்து, டம்ளரால அளந்து பிரிச்சுக்குவோம். அன்னைக்கி நீங்க திட்டினதுலேருந்து அப்படித்தான்."

"என்ன மட்டும் ஏன்டி விட்டீங்க?"

"உங்ககிட்ட சொன்னா அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுவீங்க. நீங்களே சொன்னீங்கள்ல. சொன்னா மருந்தே நின்னுடும்னு பயந்துட்டோம். உங்க கன்னு வாசல்ல சப்புக்கொட்டிக் குடிக்கிறப்பல்லாம் பாக்க முடியாம உள்ள போயிடுவேன் டீச்சரக்கா. ஒரு நா எங்க பங்குலேருந்து கொஞ்சம் கொண்டாந்து உங்களுக்குத் தெரியாம அதுக்கு ஊத்திடலாமான்னுகூட நெனச்சேன்."

"ஊத்தினியா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

நான் அவள் கொண்டுவந்த ரசத்தையும் சோற்றையும் அவள் முன்னாலேயே கொட்டினேன். தப்புத்தான், சோற்றை அப்படிச் செய்யக் கூடாது. ஆஸ்பத்திரித் தரையில் எனக்காகப் படுத்துக்கிடந்தவள். தினமும் காலையில் என் கையிலிருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டு, என் கன்றின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, நேராக அந்தக் குண்டானுக்குப் போயிருக்கிறாள். தெரு முழுக்க ஒரே அண்டா, அதில் என் வீட்டுக்கு மட்டும் கரண்டி இல்லை. அம்மன் வாசலில் ஒருத்தருக்கு உசத்தி ஒருத்தருக்கு மட்டம் கிடையாது என்று சொல்பவர்கள்.

இனிக்கிற பாட்டில், கசக்கிற பாட்டில். அவள் போன பிறகுதான் அது எனக்கு உறைத்தது. ஃபிரிட்ஜைத் திறந்து ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து நக்கிப் பார்த்தேன். ஒன்று, நாக்கை வெட்டிப்போடலாம் போல் கசப்பு, அடித்தொண்டையில் மிளகுக் காரம், வெற்றிலை வாசனை. அடுத்தது வெல்லத் தண்ணீர். இன்னொன்றும் வெல்லத் தண்ணீர். என் வீட்டு நம்பர் ஒட்டியது சுத்தமான வெல்லத் தண்ணீர், டீத்தூள் போட்டு நிறம் ஏற்றியது. அளவு கூடக் குறைய இல்லை, மருந்தே இல்லை. எதிர் வீட்டு நம்பர் போட்ட மருந்து என் கன்றின் பாட்டிலை இடித்துக்கொண்டு அதே தட்டில் இருந்திருக்கிறது, இத்தனை நாளும்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் வந்தாள். வரும் வழியிலேயே தெருப் பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். "நாங்க எல்லாத்தையும் கலந்துதான் குடுத்தோம், போ. வெல்லத் தண்ணிய மருந்துன்னு குடுத்தவதானே நீ" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். முகம் வெளுத்து வந்து என் சமையற்கட்டில் உட்கார்ந்தாள். காபி கொடுத்தேன். கடப்பா செய்யவில்லை.

"கன்னு விஷயம் கேள்விப்பட்டேன் அத்தை. ரொம்ப கஷ்டமா இருக்கு."

"என் பாட்டில்ல மருந்தே இல்லையா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "பாதி வீட்டுக்கு மருந்து, பாதி வீட்டுக்கு மருந்தில்லாதது. ரெண்டையும் ஒத்துப் பாத்தாத்தான் மருந்து வேலை செய்யுதான்னு தெரியும் அத்தை. அதுதான் மொறை."

"மொறையா இருக்கட்டும். அத மண்டபத்துல சொல்றதுக்கு என்ன? செலதுல மருந்து இருக்கும், செலதுல இருக்காது, இஷ்டம்னா வாங்கன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லணும்னுதான் விதி." குரல் இறங்கிவிட்டது. "சொல்லியிருந்தா ஒருத்தராவது ஒத்துக்கிட்டிருப்பீங்களா அத்தை?"

"எந்த பாட்டில் எதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

அவள் டம்ளரை ஓரமாக நகர்த்தினாள். மறுபடியும் கேட்டேன்.

"நான்தான் அத்தை ரொப்பினேன்."

ஆக, இட்லித் தட்டைப் பார்த்துக்கொண்டு வெல்லம் சேர்த்திருக்கிறோம் என்றபோது அவளுக்குத் தெரியும். நல்ல கன்று என்றபோதும் தெரியும். என் கையால் செய்து போட்டதைச் சாப்பிட்டு, என் கொட்டிலில் குனிந்து, கன்றின் கட்டிகளைத் தொட்டுப் பார்த்து, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போன ஒவ்வொரு முறையும் தெரியும். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும்போல் இருந்தது. அதைவிட ஒன்று கேட்டாக வேண்டியிருந்தது.

"ஒன் மருந்தக் குடுத்திருந்தா பொழச்சிருக்குமா?"

"தெரியாது அத்தை." முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். "சத்தியமா தெரியாது. குடுத்திருந்தாலும் போயிருக்கலாம். மருந்து இல்லாமயே தேறின கன்னுங்களும் இருக்கு. அதக் கண்டுபிடிக்கத்தான் இந்தச் சோதனையே."

அது பொய்யில்லை என்று தெரிந்தது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. பொய் சொல்லியிருந்தால் ஒன்று அவளை வெறுத்து முடித்திருப்பேன், அல்லது விதி என்று ஆறியிருப்பேன். இரண்டுக்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள்.

அவள் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அத்தை, மத்த வீட்டுதெல்லாம் கலந்துட்டாங்க. அத எதுலயும் சேக்க முடியாது. நான் சொன்னபடி நடந்தது உங்க வீடு ஒண்ணுதான். உங்க கன்னு தெனமும் எப்படி இருந்துச்சுன்னு சொன்னீங்கன்னா, அது ஒண்ணாவது உருப்படியா இருக்கும்."

நான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று வீட்டுக்காரர் இன்னும் கேட்கிறார். அவளுக்காகச் சொல்லவில்லை. அந்தக் கன்று போனதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்க அன்றைக்கு எனக்கு வேறு ஆள் இல்லை. எதிர் வீட்டுக் கதவை நான் சாத்திவிட்டேன். முதல் கட்டி எங்கே தட்டுப்பட்டது, எப்போது கால் வீங்கியது, எப்போது மடியை விட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தட்டிக்கொண்டே வந்தாள்.

"கடைசி நாள் காலைல குடுத்தது முழுசா உள்ள போச்சா அத்தை?"

"போச்சு. ஒரு வேள தவறல. ஒரு சொட்டு சிந்தல."

"வெரி குட் அத்தை" என்றாள். திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவளுக்கு அது வாயில் வந்த ஒரு சொல், அவ்வளவுதான்.

நான் எழுந்துபோய் ஃபிரிட்ஜிலிருந்த பாட்டில்களை எல்லாம் எடுத்து அவளுடைய தெர்மோகோல் பெட்டியில் அடுக்கினேன். மூடி போட்டு, பெட்டியை அவள் காலடியில் வைத்தேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு" என்றேன்.

பால் கறக்கும் நேரம் ஆகியிருந்தது. கொல்லையில் மாடு கத்தத் தொடங்கியது. அந்த வேளைக்குக் கன்றை அவிழ்த்துவிடுவது வழக்கம், அதனால் கத்தும். மூன்று தரம் கத்திவிட்டு நிறுத்தி, காதைத் திருப்பிக் கேட்கும், மறுபடி கத்தும். வாசல்வரை போனவள் நின்றுவிட்டாள்.

"மாட்டுக்கு இன்னும் தெரியாதா அத்தை?"

"அதுகிட்டயும் யாரும் சொல்லல" என்றேன்.